வலியைக் கேட்கக் கற்றுக்கொடுத்த எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று துடியலூர் வீட்டுக்கு வந்து, படத்தின் முன் நின்று கும்பிட்டுவிட்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், விடுப்பு எடுத்துக்கொண்டு வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் அக்காவின் மாணவிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் வணக்கம் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் அக்காவின் ஒரே தம்பி. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறேன். கல்யாணப் பத்திரிகையில் பெயர்களைச் சரிபார்ப்பதைத் தவிர எழுத்து வேலை எதுவும் செய்து பழக்கமில்லாதவன். அக்காவின் மகள்தான் என்னை விடவில்லை.

"மாமா, அம்மாவோட காலேஜ்ல கேட்டா அழகா எழுதிக் குடுப்பாங்க. ஆனா பட்டம், பதவின்னு போயிரும். அம்மா எப்பிடி இருந்தாங்கன்னு நீங்கதான் எழுதோணும்" என்றாள்.

எனவே அக்கா எப்படி இருந்தார் என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அக்கா பிறந்தார். அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். அம்மா இரண்டு எருமைகளை வைத்துப் பால் ஊற்றினார். எனக்குச் சிறு வயதில் விஷக்காய்ச்சல் வந்து கோவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவால் மாடுகளை விட்டுவிட்டு வர முடியவில்லை. அப்பாவுக்கு ஷிப்ட். பள்ளி விடுமுறையில் இருந்த அக்காதான் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். அங்கே ஒரு சிஸ்டர் ஊசி போட வரும்போதெல்லாம் முதலில் தம் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் என்னைத் தொடுவார். ஏன் என்று அக்கா கேட்டாராம். "குளுந்த கையோட தொட்டா காய்ச்சக்காரப் பையன் பதறிப்போவான் கண்ணு" என்றாராம் சிஸ்டர். எனக்கு ஊசி மட்டும்தான் நினைவிருக்கிறது. அக்காவுக்கு அந்தக் கைகள் நினைவிருந்தன. வீட்டுக்குத் திரும்பி வந்ததுமே தாமும் நர்ஸ் ஆகப்போவதாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் உறவில் எந்தப் பெண்ணும் அந்தப் படிப்புக்குப் போனதில்லை. பெரியப்பா வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். "ஆம்பளையாளுகளத் தொட்டுத் தொடைக்கற வேலைக்குப் போன புள்ளைய நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார். அப்பா அண்ணன் பேச்சைத் தட்டியவரல்லர். அன்றும் குரலை உயர்த்தவில்லை. "கட்டறவன் வருவானுங்கண்ணா. வரும்போது பாத்துக்கலாமுங்க. இப்ப அவ படிக்கட்டுமுங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். ஆனால் விடுதிக்குக் கிளம்பும் நாளில் முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தது அதே அம்மாதான்.

படிப்பு எளிதாக இருக்கவில்லை. தீக்காயம் பட்ட ஒருவருக்குக் கட்டு மாற்றும்போது முதல்நாள் அக்கா மயங்கி விழுந்துவிட்டார். முதல் விடுமுறைக்கு வந்தபோது கால்கள் வீங்கியிருந்தன. அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு அந்தக் கால்களை ஊறவைத்துக்கொண்டே, "போதும் சாமி, வந்துரு" என்றார். "மயக்கம் போட்ட அன்னிக்கு வந்திருந்தா வந்திருப்பேன். இப்பப் பழகிப்போச்சும்மா" என்றார் அக்கா.

படித்து முடித்துக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தார். பெரியப்பா பயந்ததுபோல் ஆகவில்லை. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த மச்சான், பெண் பார்க்க வந்த அன்றே, "வேலைய விடச் சொல்லி எங்க ஊட்டுல ஆரும் சொல்ல மாட்டாங்க" என்று எல்லார் முன்னிலும் சொன்னார். அந்தச் சொல்லை இறுதிவரை காப்பாற்றினார். அதற்காக மச்சானுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட நிகழ்ச்சி ஒன்றை இங்கே எழுத வேண்டும். எங்கள் உறவினர் பலர் அன்று அங்கே இருந்தார்கள்.

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் என்று வேறொரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டவர் கேரளத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஜெஸ்ஸி என்ற இளம் செவிலியர். தமிழ் அப்போதுதான் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. வந்து வந்து, "அப்பா, வலி இருக்கா?" என்று கேட்டார். அப்பா ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்காமலே சிரித்து, "பரவாயில்லீங்க அம்மணி. நீங்க போயி மத்தவங்களப் பாருங்க" என்றார். ஜெஸ்ஸியும் வலி இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் எதுவும் தோன்றவில்லை. அப்பா சிரித்துத்தானே பேசினார்.

மதியம் தம் வேலை முடிந்து அக்கா வந்தார். அப்பாவிடம் வலியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பாவின் ஒரு கை கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. நெற்றியில் வியர்வை, தொட்டால் சில்லென்று இருந்தது. அக்கா நாடியில் விரல் வைத்தபடியே, "அப்பா, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க பாக்கலாம்" என்றார்.

"இப்ப வேண்டாங் கண்ணு. அப்பறமாப் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

அக்கா அதற்குமேல் நிற்கவில்லை. நேராகச் செவிலியர் மேசைக்குப் போய்ப் பேசினார். மருத்துவர் ஓடிவந்தார். இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி, அப்பாவை மறுபடியும் அறுவை அரங்குக்குள் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் சிரமமாகியிருக்கும் என்று மருத்துவர் பிறகு எங்களிடம் சொன்னார்.

அரங்கின் கதவு மூடியிருந்த அந்த நேரத்தில் வராந்தாவில் எங்கள் ஆட்கள் கொதித்துப் போயிருந்தார்கள். "அந்த நர்ஸ எங்க? காத்தாலயிருந்து வந்து வந்து போச்சே, என்னத்தப் பாத்துது?" என்று பெரியப்பா மகன் சத்தம் போட்டார். ஜெஸ்ஸி சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்தார். "நான் கேட்டேன் சேச்சி. ஒவ்வொரு தடவையும் கேட்டேன். அப்பா பரவாயில்லன்னுதான் சொன்னது" என்று அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

உள்ளே இருப்பது அக்காவுக்கும் அப்பாதான். ஆனாலும் அவர் ஜெஸ்ஸிக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"ஆரும் அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. அது கேக்காம இருக்கல, கேட்டுது. 'பரவாயில்லீங்க'ன்னு நம்மாளுக சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு அதுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல. பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே, உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

பெரியப்பா மகன் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் அக்கா ஜெஸ்ஸியைச் சும்மாவும் விடவில்லை. அப்பா பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, தனியே அழைத்து உட்கார வைத்து, "நாடி காத்தாலயிருந்தே ஏறிட்டு வந்திருக்குது ஜெஸ்ஸி. வாய் சொல்றதும் ஒடம்பு சொல்றதும் ஒத்துப்போகலைன்னா நீ ஒடம்பத்தான் நம்போணும்" என்று அமைதியாகச் சொன்னார். ஜெஸ்ஸி அதை மறக்கவில்லை. இந்த மலருக்காகக் கேட்டபோது, இப்போது வெளிநாட்டில் பணிபுரியும் அவரே இதை எழுத எனக்கு அனுமதி தந்தார். தம் பெயரையும் போடச் சொன்னார்.

அப்பா தேறிய பிறகு அக்கா அவரிடம் கேட்டார், "அவ்வளவு வலிய வெச்சுட்டு ஏப்பா பரவாயில்லைன்னு சொன்னீங்க?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "அந்தப் புள்ள காத்தாலயிருந்து நின்னுட்டே இருந்துச்சு. ஊரு விட்டு ஊரு வந்த புள்ள வேற. அதுகிட்டப் போயி வலிக்குது வலிக்குதுன்னு எப்பிடிக் கண்ணு சொல்றது?"

இதை அக்கா பின்னாளில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். "நர்ஸ் அப்பாவப் பாத்துக்க வந்துச்சு. அப்பா நர்ஸப் பாத்துட்டிருந்தாரு" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

மறுபடியும் படிக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னது அந்த ஆண்டில்தான். கையில் குழந்தை இருந்தது. நல்ல சம்பளத்தில் வேலை இருந்தது. ஒரு வார்டில் தாம் நன்றாக வேலை பார்த்தால் அந்த வார்டு மட்டும்தான் நன்றாக இருக்கும், சொல்லிக் கொடுக்கப் போனால் எத்தனையோ வார்டுக்குப் போய்ச் சேரும் என்று மச்சானிடம் சொன்னாராம். மச்சான் பட்டறையிலிருந்து மதியம் வீட்டுக்கு வந்து குழந்தைக்குச் சோறூட்டிவிட்டுப் போவார். பட்டறைக் கறை போகாத அந்த விரல்களால் அவர் பிசைந்து ஊட்டினால்தான் மகள் சாப்பிடுவாள். அப்படித்தான் அக்கா பட்டமும் மேற்பட்டமும் முடித்து ஒரு செவிலியர் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். ஓய்வு பெறும்வரை அந்தப் பணியில்தான் இருந்தார்.

அக்காவின் முதல் வகுப்பு எப்படி இருக்கும் என்று மாணவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லமாட்டார். "உங்க ஊர்ல வலி எடுத்தா என்னன்னு சொல்லுவாங்க?" என்று கேட்பார். குத்துது, கடுக்குது, இழுக்குது, உளையுது, காந்துது, விண்ணு விண்ணுங்குது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊட்டிப் பெண் ஒன்று சொல்லும், பாலக்காட்டுப் பெண் வேறு சொல்லும். ஒவ்வொன்றும் எந்த மாதிரி வலி, உடம்பில் எங்கே வரும் என்று பேசிப் பேசியே அந்த வகுப்பு முடிந்துவிடும். கடைசியில் அக்கா சொல்வாராம்: "கோயமுத்தூர்க்காரங்ககிட்ட வலிக்குதான்னு கேட்டு நிறுத்திராதீங்க. இல்லைன்னுதான் சொல்லுவாங்க. 'என்னங்க செய்ய முடியல? எந்திரிச்சு உக்கார முடியுதுங்களா? நேத்து மாதிரி சாப்பிட முடிஞ்சுதுங்களா?'ன்னு கேளுங்க. அப்ப உண்மை வரும்."

கல்லூரி முதல்வர் ஒருமுறை அக்காவை அழைத்து, இதெல்லாம் சிலபஸில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். "இருக்குதுங்க மேடம். நோயாளியோட பண்பாட்டுப் பின்னணியத் தெரிஞ்சுக்கோணும்னு ஒரு வரி இருக்குது. அந்த ஒரு வரியத்தானுங்க நான் நடத்திட்டிருக்கறேன்" என்றாராம் அக்கா. பரீட்சைக்கு வரும் பாடங்கள் பின்தங்கிவிடக் கூடாது என்பது முதல்வரின் கவலை. அதிலும் நியாயம் இருந்தது. அக்கா சனிக்கிழமை பிற்பகலில் அந்த வகுப்பை வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு முதல்வரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாராம். இன்று இந்த நினைவு நிகழ்ச்சிக்கு அவர்தான் தலைமை தாங்குகிறார்.

என் தறிப்பட்டறைக்கும் அக்கா மாணவிகளை அழைத்துக்கொண்டு வந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்களை நடுவில் நிறுத்தி என்னிடம் பேசச் சொன்னார். நான் பேசினேன். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மரியாதைக்காக எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வெளியே வந்ததும் அக்கா கேட்டார், "எந்தம்பி என்ன சொன்னான்?" யாருக்கும் தெரியவில்லை. "இந்தச் சத்தத்துலயே இருந்து இருந்து தறிக்காரங்களுக்குக் காது மந்தமாயிரும். மாத்திரைய எப்பிடிச் சாப்பிடறதுன்னு நீங்க சொல்லும்போது, இப்ப நீங்க ஆட்டுன மாதிரியே தலைய ஆட்டுவாங்க. புரிஞ்சுதுன்னு நெனச்சுப்போடாதீங்க. திருப்பிச் சொல்லச் சொல்லுங்க." அதற்கு முன் என் காது மந்தம் என்று எனக்கே யாரும் சொன்னதில்லை. அடுத்த வாரம் அக்காவே என்னைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனார்.

சனிக்கிழமை வகுப்புக்கு விருந்தினர்களையும் அழைத்து வருவார். கோட்டைமேட்டைச் சேர்ந்த மெஹருன்னிசா அக்கா அவர்களில் ஒருவர். முன்பு அவருக்கு அறுவை சிகிச்சை நடக்க இருந்தபோது, தலைமுக்காட்டை எடுத்துவிட்டுத்தான் அரங்குக்குப் போக வேண்டும் என்று யாரோ சொல்ல, தள்ளுவண்டியிலிருந்து இறங்கி நின்றுகொண்டாராம். பணியிலிருந்த எங்கள் அக்கா அறுவை அரங்கின் தொப்பிகள் இரண்டை எடுத்து வந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் காதும் கழுத்தோரமும் மறைய மாட்டிவிட்டார். அவ்வளவுதான், அவர் சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்துக்கொண்டார். அன்று தொடங்கிய நட்பு அது.

முஸ்லிம் நோயாளிகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மாணவிகளுக்குச் சொல்லித் தரும்படி அக்கா அவரை அழைத்திருந்தார். அவரோ எழுந்து நின்று, "எங்க ஆளுங்க இப்படித்தான்னு நான் சொல்ல வரலைங்க. எங்க மாமியார் ஒரு மாதிரி, நான் ஒரு மாதிரி, எம் பொண்ணு இன்னொரு மாதிரி. யாரா இருந்தாலும் கேட்டுட்டுச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கிய வகுப்பு அதோடு முடிந்தது. அன்று மாலை அக்கா எனக்குப் போன் செய்து, "இத்தன வருசமா நான் சுத்தி வளைச்சுச் சொன்னத மெஹர் ஒத்த வார்த்தைல சொல்லிட்டா" என்று மகிழ்ந்துபோனார். அதன் பிறகு, இந்த ஊர்க்காரர்கள் இப்படி, இந்த மதத்தவர்கள் அப்படி என்று விடைத்தாளில் எழுதும் மாணவிகளுக்கு அக்காவிடம் மதிப்பெண் குறையும்.

என் பட்டறையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவரின் மனைவி கௌரியும் அப்படி வகுப்புக்குப் போனவர்தான். வலி, தண்ணீர், மயக்கம், பயம் போன்ற சொற்களை ஒடியா மொழியில் சொல்லிக் கொடுத்தார். போகும்போது தமக்குத் தெரிந்த தமிழில், "எங்க பொண்ணுங்க ஆம்பள இருந்தா அந்த விசயம் பேசாது" என்று மட்டும் சொன்னார். அந்த வகுப்பில் நந்தினி என்ற மாணவி இருந்தார்.

நந்தினி படிப்பு முடித்து ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். மில்லில் வேலை பார்க்கும் ஒடிசாப் பெண் ஒருத்தியை ஒரு பகல் வேளையில் அங்கே அழைத்து வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். உடன் வந்த மில் மேற்பார்வையாளருக்கு அவளுடைய மொழி கொஞ்சம் தெரியும். கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். "நேத்து வெளில சாப்பிட்டிருக்குது. வயித்துக் கோளாறுதானுங்க. ஊசி போட்டு அனுப்புங்க" என்றார். மாதவிலக்கு பற்றிக் கேட்டபோது அவர் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தாள். "அதெல்லாம் சரியா இருக்குதாமா" என்றார் அவர்.

நந்தினிக்கு அந்தத் தலையசைப்பில் நம்பிக்கை வரவில்லை. "அண்ணா, நீங்க போயி சீட்டுப் பதிஞ்சுட்டு வந்துருங்க" என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, கௌரியைப் போனில் அழைத்து, போனை அந்தப் பெண்ணின் காதில் வைத்தார். தன் மொழியில் ஒரு பெண்குரல் கேட்டதும் அவள் அழத் தொடங்கிவிட்டாளாம். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம் ஆனவள். கணவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். மாதவிலக்குத் தள்ளிப் போயிருக்கிறது. காலையில் குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறாள். வயிற்றோடு தோள்பட்டையும் வலிக்கிறது. கௌரி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, நந்தினி அப்படியே மருத்துவரிடம் சொன்னார். உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் சேர்ந்துகொண்டிருந்தது. உடனே அறுவை செய்ததால் அந்தப் பெண் பிழைத்தாள். மேற்பார்வையாளரும் கெட்ட மனிதர் அல்லர். விஷயம் தெரிந்ததும் இரத்தம் கொடுக்க அவரே மில்லிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார் என்று நந்தினி சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு நந்தினி அக்காவை அழைத்து, பேச முடியாமல் அழுதிருக்கிறார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அழுது முடிச்சுட்டியா கண்ணு? செரி, போயி மொகத்தக் கழுவு. அந்தப் பொண்ணு கண்ணு முழிக்கும்போது தெரிஞ்ச மொழில நாலு வார்த்த பேச அங்க ஆள் வேணும்" என்றார். போனை வைத்த பிறகு அக்காவும் அழுதார். அதைப் பார்த்தது மச்சான் மட்டும்தான்.

அக்காவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அக்காவே கோபித்துக்கொள்வார். சமையல் அவருக்கு இறுதிவரை கைவரவில்லை. அவர் வைக்கும் ரசத்தை மச்சான் மருந்து குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடிப்பார். எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. என் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்து பந்தி போடும்போதுதான் மருத்துவமனையிலிருந்து வந்து சேர்ந்தார். நகம் வளர்த்த மாணவியை எல்லார் முன்னிலும் திட்டிவிடுவார். அந்தத் திட்டை வாங்கியவர்களில் பலர் இன்று இங்கே வந்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. தம் அறிக்கைகளைத் தாமே படித்துப் புரிந்துகொண்டார். எங்களைத்தான் தேற்ற வேண்டியிருந்தது. மருத்துவம் ஓரளவுக்குக் கைகொடுத்தது. பிறகு கொடுக்கவில்லை. இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றார். மகள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உடனிருந்து குளிப்பாட்டி, உடை மாற்றி, எல்லாம் பார்த்துக்கொண்டாள்.

வலி தணிக்கும் சிகிச்சைக்காக வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் ஒருவரை ஏற்பாடு செய்தோம். பெயர் கலைவாணி. முதல்நாள் வந்தவர் எங்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "அம்மா, உங்க ஊட்டு வழக்கம் எனக்குத் தெரியாதுங்க. நான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க. ஆரு குளிப்பாட்டினா உங்களுக்குச் சங்கடமா இருக்காதுங்க?" என்று கேட்டார்.

அக்கா கதவுப் பக்கம் பார்த்தார். மகள் கதவருகில் நின்றிருந்தாள். பிறகு, "மகள் வேண்டாங் கண்ணு. என்ற ஒடம்பு கரையறதப் பாத்து அவ அழுவறா. அவ எம்பக்கத்துல உக்காந்து பேசிட்டிருந்தாப் போதும். நீயே குளிப்பாட்டு" என்றார்.

எங்களில் யாரும் அதுவரை அக்காவிடம் அதைக் கேட்டதில்லை. மகள் செய்வதுதான் முறை என்று நாங்களும் நினைத்தோம், மகளும் நினைத்தாள். அன்றிலிருந்து மகள் கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கதை பேசினாள். அந்தக் கடைசி வாரங்களில் அம்மாவும் மகளும் சிரித்த சிரிப்பு கூடத்துக்கே கேட்கும்.

கலைவாணி போன பிறகு அக்கா என்னை அருகில் அழைத்தார். "எங்கிட்டப் படிச்ச புள்ளையா இருக்கும்னு நெனச்சுக் கேட்டேன் தம்பி. இல்லையாமா. திண்டுக்கல் பக்கம் படிச்சுதாமா. என்னைய ஆருன்னே அதுக்குத் தெரியல" என்றார். குரல் மெலிந்திருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. "அங்கயும் ஆரோ சொல்லிக் குடுத்திருக்காங்க பாரு. எனக்கு அதுதான் சந்தோசம்."

தை மாதத்தில் ஒரு காலை, மச்சான் வாங்கிக் கொடுத்த இளநீரை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, மகளின் கையைப் பிடித்தபடியே அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. நோயுற்ற நாள்களில் முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தனுப்பிய துடியலூர் அக்கம்பக்கத்தாருக்கும், வாரந்தோறும் கோட்டைமேட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிய மெஹருன்னிசா அக்காவுக்கும், இறுதி ஊர்வலத்தில் எங்களோடு நடந்த மாணவிகளுக்கும், அன்று தறிகளை நிறுத்திவிட்டு வந்த என் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் நன்றி. மனைவியின் படிப்புக்கும் பணிக்கும் துணை நின்ற மச்சானுக்கு நன்றி என்று எழுதினால் அவர் ஏற்கமாட்டார். ஆனாலும் எழுதிவிட்டேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார்.

அக்கா கண்மூடிய அன்று செய்தி அறிந்து கலைவாணி உடனே வந்துவிட்டார். அவருடைய பணி அதோடு முடிந்துவிட்டது, வர வேண்டிய கட்டாயம் இல்லை. உறவினர்கள் வந்து சேரும் முன் அக்காவைத் துடைத்துப் புடவை மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் வழக்கத்தில் யார் பொட்டு வைக்க வேண்டும், எந்தப் புடவை என்று மகளிடம் கேட்டுக்கொண்டு, அவளையும் உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். மச்சானும் நானும் வெளியே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மச்சான் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

உள்ளேயிருந்து கலைவாணியின் குரல் கேட்டது. மகளிடம் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அம்மா, இந்தப் பக்கமாத் திருப்பறனுங்க. கைய எடுத்து மேல வெச்சுக்கறனுங்கம்மா. இப்பத் தலைய லேசாத் தூக்கறனுங்க."

அக்காவிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். தொடும் முன் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் தொட்டார். மச்சான் துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார்.

அந்தப் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்த, எங்களுக்குப் பெயர் தெரியாத அந்த ஆசிரியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.